கடலூர் கடலில் ஒரு காரசாரக் குடும்பம்!

கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனால், ஒரு லிட்டர் பாட்டிலில் கடல் நீரைப் பிடித்துப் பாருங்கள். பொதுவாகக் கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடும், 65 மில்லிகிராம் புரோமைடும் இருக்கும். ஃபுளோரைடு ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. அயோடின்? ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பத்தாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த ஹாலஜன் குடும்பம் மொத்தமும் அந்த பாட்டிலுக்குள் இருக்கிறது.

கடலில் இவர்கள் பரம சாது. தனியே பிரித்தெடுத்தால்தான் சுயரூபம் தெரியும். இந்த அணுக்களின் வெளிக்கூட்டில் ஏழு எலெக்ட்ரான்கள். எட்டாவதை எங்கிருந்தாவது பிடுங்கிவிட வேண்டும் என்ற வெறி எல்லோருக்கும் உண்டு. கடலில் இருப்பவர்களுக்கு அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது, அதனால்தான் அமைதி.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்களே, அது ஃபுளோரினுக்கு அப்படியே பொருந்தும். இருப்பதிலேயே சின்ன அணு இதுதான். கருவின் இழுப்பு பக்கத்திலேயே இருப்பதால் எலெக்ட்ரானைப் பறிப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. குளோரின், புரோமின், அயோடின் என்று போகப் போக அணு பருக்கும், கருவின் பிடி தளரும், வேகம் குறையும். உருவமும் மாறுகிறது: முதல் இரண்டும் வாயு, புரோமின் செம்பழுப்புத் திரவம், அயோடின் கருத்த திடப்பொருள்.

மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கலாம், தலைகீழாக நடக்காது. 1826-ல் பிரான்ஸில் பலார் என்ற இளைஞர், உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் குளோரினைச் செலுத்தினார். நீர் மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாறியது. புரோமின் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். குஜராத்தின் கட்ச் உப்பளங்களில் இன்றும் இதே வித்தைதான் தொழில்.

குளோரினின் பசிதான் நமக்குக் காவல். 2004 சுனாமிக்குப் பிறகும் 2015 வெள்ளத்துக்குப் பிறகும் கடலூர்ப் பக்கம் பிளீச்சிங் பவுடர் வாசனையை மறந்தவர்கள் குறைவு. சிதம்பரத்துக்கு மேற்கே வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குப் போகும் தண்ணீருக்கும் கிருமிகளைக் கொல்வது குளோரின்தான். ஒரு விஷயம்: குளோரினுக்குக் கிருமி, சேறு என்ற பேதமில்லை. கலங்கல் நீரில் போட்டால் சேற்றோடு மோதியே தீர்ந்துபோகும். எனவே முதலில் தெளியவைத்து வடிகட்டுங்கள். பிறகு குளோரின் மாத்திரையைப் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இதே பசிதான் ஆபத்தும். வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவும்போது, ‘பளிச்சென்று ஆகட்டும்’ என்று பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டைச் சேர்த்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கலவையிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனமானது. குளியலறைத் தரையோடு தங்கி நுரையீரலைப் பதம் பார்க்கும். மூக்கும் கண்ணும் எரிந்தால் கழுவிக்கொண்டு நிற்காமல் வெளியே ஓடுங்கள். இருமல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். சிப்காட் பக்கம் குடியிருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். குளோரினோ புரோமினோ கசிந்தால் பள்ளத்தில் ஒதுங்கக் கூடாது. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து, மேடான இடத்துக்குப் போக வேண்டும்.

அயோடின் இவர்களில் சாந்தம். அதனால்தான் புண்ணில் தடவ முடிகிறது. தைராய்டு சுரப்பிக்கு தினமும் 150 மைக்ரோகிராம் தேவை. பரங்கிப்பேட்டை மீனில் கொஞ்சம் கிடைக்கும். மீதிக்கு அயோடின் உப்பு. ஈரமும் சூடும் பட்டால் அயோடின் குறைந்துகொண்டே வரும் என்பதால், உப்பு ஜாடியை மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

சாந்தம் என்றாலும் பசி போய்விடவில்லை. குழந்தைகளுக்கு இதைக் காட்டலாம். ஆறிய வடிகஞ்சியில் தண்ணீர் கலந்து, புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாகும். அதில் எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்து கலக்குங்கள். சாற்றிலிருக்கும் வைட்டமின் சி-யிடம் எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டு அயோடின் அடங்க, நீலம் மறைந்துவிடும். கஞ்சியை யாரும் குடித்துவிடாமல் உடனே கொட்டிவிடுங்கள்.