கடவுச்சொல்லை மாற்றினால் இரு கதவுகளையும் கவனியுங்கள்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி கடிதப் போக்குவரத்தாகும். நூலுக்கும் உரத்துக்கும் நாம் விடுக்கும் ஆர்டர்களும், துணிக்கும் விளைபொருளுக்கும் அனுப்பும் விலைப்புள்ளிகளும் இன்று பெரும்பாலும் மின்னஞ்சல் மூலமே செல்கின்றன. ஆகவே அதில் நேரும் சிறு பிழையும் அங்கத்தினர்களின் பிழைப்பைத் தொடுவதாகும்.

நமது காரியாலயத்தில் நிகழ்ந்ததையே இங்குக் கூறுகிறோம். பணியாளர் ஒருவர் விலகியதால், முறைப்படி மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினோம். கணிப்பொறி புதிய சொல்லைக் கேட்டது, கொடுத்தோம். கடிதங்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தமையால் யாவும் சீராக உள்ளன என்று எண்ணிவிட்டோம். ஐந்தாம் நாள் பார்க்கையில், போர்வைகளுக்கு நாம் எழுதிய விலைப்புள்ளி 'அவுட்பாக்ஸ்' பகுதியிலேயே முடங்கிக் கிடந்தது. கெடுவோ முந்திய நாளே முடிந்திருந்தது. தறிகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு மாத வேலை கைநழுவிற்று.

இதன் காரணம் எளிது. கடிதம் வரும் வழி வேறு, போகும் வழி வேறு. வருவது 'பாப்' அல்லது 'ஐமேப்' என்னும் முறையால், போவது 'எஸ்.எம்.டி.பி.' என்னும் முறையால். 1982ஆம் ஆண்டில் இப்பிந்திய முறைக்கு விதி வகுக்கப்பட்டபோது, அனுப்புவோரிடம் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. 1999இல்தான் அதற்கான பொதுவிதி வெளியிடப்பட்டது. மின்னஞ்சல் மென்பொருள்கள் பல, இவ்விரு வழிகளுக்கும் கடவுச்சொல்லைத் தனித்தனியே சேமித்து வைக்கின்றன. ஒரு கதவின் சாவியை மட்டும் மாற்றினால் மற்றக் கதவு திறவாது.

இத்தகைய இடர் நேரின், செய்யத்தக்கவை இவை:

முதலாவதாக, மின்னஞ்சல் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நேராக நுழைந்து, நமக்கு நாமே ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்க வேண்டும். அது வந்து சேர்ந்தால் கணக்கில் குறையில்லை. நமது மென்பொருளின் அமைப்பிலேயே குறை உள்ளதெனக் கொள்ளலாம்.

இரண்டாவதாக, 'தண்டர்பேர்டு' பயன்படுத்துவோர், சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலில் 'எஸ்.எம்.டி.பி.' எனத் தொடங்கும் பதிவை நீக்கிவிடுக. அடுத்த கடிதம் அனுப்பும்போது புதிய சொல் கேட்கப்படும். பழைய 'அவுட்லுக்' வைத்திருப்போர், வெளிச்செல்லும் கடிதத்துக்கும் உள்வரும் கடிதத்தின் கடவுச்சொல்லையே கொள்க என்னும் குறி இடப்பட்டுள்ளதா என்று காண்க.

மூன்றாவதாக, 'ஜிமெயில்' கணக்கில் மென்பொருளுக்கென 16 எழுத்துக்கள் கொண்ட தனிக் கடவுச்சொல் பெற்றிருந்தால், முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றியதுமே அது செல்லாததாகிவிடும். புதிதாக ஒன்று பெறுதல் வேண்டும்.

நான்காவதாக, '535' என்னும் எண் தோன்றினால் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்பது பொருள். அவ்வேளையில் 587, 465 போன்ற வாயில் எண்களை மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டுவதில்லை.

இறுதியாக, காரியதரிசியின் கைப்பேசி, ஸ்கேன் செய்து அஞ்சலிடும் இயந்திரம், கணக்கு மென்பொருள் ஆகியவற்றிலும் பழைய சொல் இருக்கக்கூடும். அவை மீண்டும் மீண்டும் தவறான சொல்லைக் கொடுத்தால், கணக்கே சிறிது காலம் பூட்டப்படவும் நேரலாம்.

"கடவுச்சொல் காலாவதியாயிற்று, இங்கே அழுத்துக" என்று வரும் கடிதங்களை இச்சமயத்தில் நம்பிவிடலாகாது. அவை வஞ்சகர் விரிக்கும் வலையாக இருக்கலாம்.

கடவுச்சொல்லை மாற்றிய அன்றே ஒரு சோதனைக் கடிதம் அனுப்புவதையும், மாலையில் காரியாலயம் மூடுமுன் 'அவுட்பாக்ஸ்' காலியாக உள்ளதா எனப் பார்ப்பதையும் நமது சங்கம் இப்போது வழக்கமாக்கியுள்ளது. இதற்கு ஐந்து நிமிடம் போதும். சகோதர சங்கங்களும் இவ்வழக்கத்தை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம். நாம் இழந்தது போன்ற வேலையைப் பிறிதொரு சங்கம் இழக்கலாகாது.