காய்ச்சல் போன பிறகும் மூச்சு வாங்கினால்

2020 ஆகஸ்ட் 5 அன்று கொரோனா தொற்றோடு சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். செப்டம்பர் தொடக்கத்தில், தொற்று நீங்கிவிட்டது என்று மகன் சரண் அறிவித்தபோது தமிழ்நாடே நிம்மதி அடைந்தது. ஆனால் செப்டம்பர் 25 அன்று அவர் மறைந்தார். வைரஸ் போய்விட்டது, அது நுரையீரலில் செய்த சேதம் ஆறவில்லை.

கொரோனா மட்டுமல்ல, ஃப்ளூ காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி நேரலாம். பெரும்பாலோருக்கு நேராது. நேரும் சிலருக்கோ தாமதம்தான் எமன். நம் கடலூர் மாவட்டத்து முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் தாமதத்துக்குக் காரணம் தயாராகவே இருக்கிறது. முந்திரி வறுக்கும் இடத்தில் நின்றவருக்கு "புகை ஒத்துக்கல", நெய்வேலி சுரங்கத்துக்குப் போய்வருபவருக்கு "தூசு", வயதானவருக்கு "காய்ச்சல் விட்ட அசதி". மூச்சு வாங்குவதற்கு இப்படி நாமே காரணம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறோம்.

காய்ச்சல் விட்டு, இரண்டு மூன்று நாள் தெளிந்திருந்து, மறுபடி குளிரோடு காய்ச்சல் அடித்தால் பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இந்த இரண்டாவது தாக்குதல்தான். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீக்கம் என்றால் நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று குத்தி மூச்சு முட்டினால், நுரையீரலிலிருந்து காற்று வெளியே கசிந்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே 108. வாரக்கணக்கில் வறட்டு இருமலும், முன்பு சாதாரணமாக ஏறிய படியில் இப்போது இளைப்பும் இருந்தால் நுரையீரல் தழும்பேறிக்கொண்டிருக்கலாம். இதற்கு சி.டி. ஸ்கேன் தேவைப்படும், சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்கநிலை தெரியாமல் போகலாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ச் சளிப் பரிசோதனையும் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், உட்கார்ந்தபடி ஒருமுறை பாருங்கள். ஆக்சிஜன் அளவு 94-க்குக் குறைந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குறையவில்லை என்றால், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு ஆறு நிமிடம் சமதளத்தில் நடந்து, மறுபடி பாருங்கள். முன்பைவிட 4 புள்ளி இறங்கினாலும் மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போதே தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். மருதாணியோ நகப்பூச்சோ, முந்திரி உடைத்து ஏறிய கறையோ உள்ள விரலில் அளவு பிசகலாம்; சுத்தமான, சூடான விரலில் மாட்டுங்கள்.

இன்னொன்று. கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்காதீர்கள். சில சிக்கல்களுக்கு அதுவே மருந்து; ஆனால் சர்க்கரை நோயாளிகள் அளவில்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதை 2021-ல் கருப்புப் பூஞ்சை காட்டியது. மருத்துவர் எழுதிக்கொடுத்ததை நீங்களாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

பணம் இல்லை என்று யாரும் வீட்டில் கிடக்க வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. உதவி எண் 1800 425 3993. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலுதவி மறுக்கக் கூடாது என்பதை 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுரங்கத் தொழிலாளருக்குக் குறித்த காலத்தில் மருத்துவப் பரிசோதனை செய்வது நிர்வாகத்தின் சட்டக் கடமை. ஒப்பந்தத் தொழிலாளரும் அதில் அடக்கம். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தூசு வேலையால் வந்த நோயையும் வைரஸ் விட்டுச்சென்ற சேதத்தையும் பிரித்துப் பார்க்க அது உதவும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சீட்டு, ஸ்கேன் பிலிம், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்திருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, சென்னையிலோ புதுச்சேரியிலோ சிகிச்சை பெற்றிருந்தாலும், நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அதற்கான காலக்கெடு இரண்டு ஆண்டு.