தானுந்தின் திருப்பத் தட்டொலி

தானுந்தின் திருப்பத் தட்டொலி என்பது, தானுந்து (கார்) வளைவில் திரும்பும்போதோ, அதன் திசைமாற்றி (ஸ்டீயரிங்) திருப்பப்படும்போதோ முன்சக்கரப் பகுதியிலிருந்து எழும் "டக், டக்" அல்லது "கடக்" என்னும் ஒலியாகும். இது பெரும்பாலும் தேய்ந்துபோன ஒரு மூட்டின் அறிகுறி. சில மூட்டுகள் தேய்ந்த பின்னும் வண்டி சிலகாலம் ஓடும். வேறு சில கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும். ஆகவே ஒலி எதிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவதே முதன்மையானது.

மலைச்சாலையில் ஒலி

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. சமவெளியில் திசைமாற்றியை முழுவதும் திருப்ப நேர்வது பெரும்பாலும் வண்டியை நிறுத்தும்போதுதான்; அப்போது பொறி அதிக விசை தருவதில்லை. கொல்லிமலை ஏற்றத்திலோ முழுத் திருப்பமும் முழு இழுவிசையும் ஒருசேர அமைகின்றன. ஊருக்குள் கேட்காத ஒலி இங்கு முதன்முறையாகக் கேட்பது இதனாலேயே. இந்தியாவில் வண்டிகள் இடப்புறமாகச் செல்வதால், இடப்பக்க வளைவுகள் வண்டிக்குக் குறுகியவையாகவும் வலப்பக்க வளைவுகள் சற்று அகன்றவையாகவும் அமையும். எனவே இடப்பக்க வளைவில் மட்டும் ஒலி கேட்டால், அது இடச்சக்கரத்தின் பழுது என்று உடனே முடிவு கட்டலாகாது.

ஏற்றமும் இறக்கமும் வெவ்வேறு உறுப்புகளைச் சோதிக்கின்றன. ஏறும்போது முன்சக்கரங்களுக்கு முறுக்குவிசை மிகுதியாகச் செல்கிறது. இறங்கும்போது முறுக்குவிசை குறைந்து, வண்டியின் எடையும் நிறுத்தியின் (பிரேக்) விசையும் முன்பக்கத் தொங்கல் அமைப்பின் (சஸ்பென்சன்) மேல் விழுகின்றன. ஏறும்போது மட்டும் கேட்கும் ஒலியை அச்சுத்தண்டில் தேட வேண்டும். இறங்கும்போது, குறிப்பாக நிறுத்தியை மிதிக்கையில் கேட்பதைத் தொங்கல் அமைப்பில் தேட வேண்டும். விலக்குகள் உண்டு எனினும் தேடலைத் தொடங்க இது போதும்.

சீர்வேக மூட்டு

முன்சக்கர இயக்கம் கொண்ட வண்டியில் ஒரே சக்கரம் திரும்பவும் வேண்டும், பொறியின் விசையால் சுழலவும் வேண்டும். பழைய சிலுவை மூட்டு இதற்கு ஏற்றதன்று. அது 30 பாகை வளைந்த நிலையில், உள்தண்டு சீராகச் சுழன்றாலும் வெளித்தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறத்தாழ 0.87 மடங்கிற்கும் 1.15 மடங்கிற்கும் இடையே ஏறி இறங்கும். இக்குறையைத் தீர்க்க, 1920களில் ஆல்பிரெட் செப்பா என்னும் பொறியாளர் ஆறு எஃகுக் குண்டுகள் கொண்ட மூட்டை வடிவமைத்தார். குண்டுகள் எப்போதும் இரு தண்டுகளுக்கும் இடைப்பட்ட கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் நிற்பதால் வேகம் மாறுவதில்லை. பட்டறைகளில் இது சி.வி. ஜாயிண்ட் எனப்படும். இந்தியாவில் 1983இல் வெளிவந்த மாருதி 800, முன்சக்கர இயக்கத்தையும் இம்மூட்டையும் பரவலாக்கியது. பின்சக்கர இயக்கம் கொண்ட அம்பாசிடரின் முன்சக்கரங்களில் இம்மூட்டு இல்லை.

மூட்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான இரப்பர் உறை (பூட்) கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும். மண்ணும் நீரும் உள்ளே புகும். குண்டுகள் ஓடும் வரிப்பள்ளங்கள் தேயும். பின்னர் முழுத் திருப்பத்தில் விசை கொடுக்கும்போது, சக்கரத்தின் வேகத்திற்கேற்ப விரைந்தும் தணிந்தும் "டக், டக், டக்" என்று கேட்கும். இந்த ஒழுங்கே இதன் அடையாளம். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது.

ஒலி தொடங்குமுன் கிழிசல் கண்டறியப்பட்டால், மூட்டைக் கழுவி மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸ் இட்டுப் புதிய உறை மாற்றினால் போதும். ஒலி தொடங்கிய பின் கிரீஸ் திணிப்பது பயன் தராது. தேய்ந்த எஃகு திரும்ப வளராது. மூட்டையோ முழு அச்சுத்தண்டையோ மாற்றுவதே வழி.

பந்து மூட்டும் பிறவும்

மேடுபள்ளத்தில் திரும்பும்போது ஒழுங்கின்றி ஒற்றையாக எழும் "கடக்" ஒலிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் அஞ்சத்தக்கது, கீழ்க்கரத்தையும் (லோயர் ஆர்ம்) சக்கரத்தையும் இணைக்கும் பந்து மூட்டின் (பால் ஜாயிண்ட்) தேய்வு. இது கழன்றால் சக்கரம் வெளிப்புறமாகச் சாய்ந்து, திசைமாற்றி பயனற்றுப் போகும். ஒருபுறம் பள்ளத்தாக்கு உள்ள சாலையில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இவ்வையம் எழுந்தால் மூட்டைச் சரிபார்க்காமல் இறங்கக் கூடாது.

சோதிப்பது எளிது. சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கித் தாங்கியில் (ஸ்டாண்ட்) நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நுழைக்கக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு தெரிந்தால் பந்து மூட்டோ சக்கரத் தாங்குருளையோ (பேரிங்) தேய்ந்திருக்கலாம். இடமும் வலமுமாக ஆட்டுகையில் மட்டும் அசைந்தால் திசைமாற்றியின் டை ராட் முனையை ஐயுறலாம். நின்ற வண்டியில் திசைமாற்றியைத் திருப்பும்போதே "டொங்" என்று சுருள்வில் துள்ளினால், அதிர்வேற்பியின் மேல்தாங்கி (ஸ்ட்ரட் மவுண்ட்) இறுகியிருக்கலாம். சமநிலைத் தண்டின் இணைப்பு (லிங்க் ராட்) தேய்ந்தும் பேரொலி எழும்; அது விலை குறைந்த உறுப்பு, ஆபத்தும் குறைவு.

இவை அனைத்துக்கும் முன் சக்கர மரைகளை (வீல் நட்) இறுக்கிப் பார்க்க வேண்டும். அண்மையில் சக்கரம் கழற்றி மாட்டப்பட்டிருந்தால் இது இன்றியமையாதது. டிக்கியில் உருளும் ஜாக்கியும் வளைவுதோறும் ஒலி எழுப்பும் என்பதையும் மறக்கலாகாது.

பழுதுநீக்கத்தில் அடிக்கடி நேரும் ஒரு பிழை: கீழ்க்கரத்தின் இரப்பர் புஷ் மாற்றும்போது, சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையிலேயே அதன் திருகாணியை முழுதும் இறுக்கிவிடுவர். வண்டி தரையில் இறங்கியதும் இரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். ஒலியும் திரும்ப வரும். வண்டியின் எடை சக்கரங்களின் மேல் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். கீழ்க்கரமோ டை ராடோ மாற்றப்பட்டால் சக்கரச் சீரமைப்பும் (அலைன்மெண்ட்) செய்யப்பட வேண்டும்.