மேடை ஏறிய தாளப் பெட்டி

பங்குனி பிறந்துவிட்டால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வு இல்லை. மயிலம் முருகன் கோயில் உத்திரம், ஊருக்கு ஊர் மாரியம்மன் திருவிழா, ஆடிக் கூழ் என்று கச்சேரிகள் வரிசைகட்டும். மேடையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் எட்டுக் கட்டங்கள் கொண்ட கறுப்புப் பலகை ஒன்று நிற்கும். அதுதான் ரிதம் பேட். தபேலா, காங்கோ, டிரம்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இதன் மூத்த தலைமுறை, தட்டாமலே தாளம் போட்ட பெட்டிகள். 1980-இல் அமெரிக்கரான ரோஜர் லின், அசல் டிரம்ஸ் ஒலியைப் பதிந்து சிப்பில் அடைத்து 'எல்.எம்.-1' கருவியை உருவாக்கினார். விலை ஏறத்தாழ 5,000 டாலர். அதே நுட்பத்தை எளிய விலைக்கு இறக்கியவற்றுள் ஒன்று, ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த 'டி.ஆர்.-707'.

அதில் 15 ஒலிகள். கீழ் வரிசையில் 16 பொத்தான்கள்; ஒவ்வொன்றும் தாளத்தின் ஒரு பகுதி. எந்த இடத்தில் அடி விழ வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தினால், திரையில் புள்ளிக் கோலம்போல அது பதிந்துவிடும். 64 தாள அமைப்புகளைச் சேமிக்கலாம். ஷஃபிள் நடையும் உண்டு. உடன்பிறப்பான 'டி.ஆர்.-727'-இல் காங்கோ, போங்கோ ஒலிகள் இருந்தன.

அதே 1985-இல் ரோலண்டின் எட்டுக் கட்டத் தட்டுப் பலகையான முதல் ஆக்டபேடும் வந்தது. அதற்குச் சொந்த ஒலி கிடையாது. 'மிடி' கேபிளால் 707 போன்ற பெட்டியோடு இணைத்துக் குச்சியால் தட்ட வேண்டும். ஒலியும் பேடும் ஒன்றாகி, 700 ஒலிகளோடு 1998-இல் வந்த 'எஸ்.பி.டி.-20' இந்திய மேடைகளைப் பிடித்துக்கொண்டது.

தானே ஓடும் பெட்டியை மிஞ்சி, தட்டும் பேடு இங்கே வென்றதற்குக் காரணம் உண்டு. மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் அருள் ஏற ஏறப் பம்பையின் வேகமும் ஏறும். அந்தத் தாளத்தில் வளர்ந்த வட்டாரம் இது. பாடகர் பல்லவியை நீட்டினாலும், கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டாலும், அந்தக் கணமே கை மாற வேண்டும். முன்கூட்டியே எழுதிவைத்த தாளத்துக்கு அந்தக் காது கிடையாது.

ஆனாலும் பழைய பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது. ஒரு குழு எந்தப் பாட்டுக்கு எந்த நடை வைத்தது என்ற கணக்கு அவற்றின் மெமரியில் இருக்கிறது. அதைக் காப்பது சிறிய பேட்டரிகள்தாம். பரணில் இப்படியொரு பெட்டி வைத்திருப்பவர்கள், பேட்டரி கசிந்து உள்ளே அரிப்பதற்குள், தாளங்களை ஓடவிட்டு ஒலிப்பதிவு செய்துகொண்டு, அதை மாற்றிவிடுங்கள்.