பேனா காட்டிக் கொடுத்த பொய்க் கையெழுத்து!

ஒரு சின்ன அட்டை. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. அதன் விலை 72 லட்சத்து 50 ஆயிரம் டாலர்!

நம்ப முடிகிறதா? அமெரிக்காவில் 2022-ம் ஆண்டில் அந்த விலைக்குத்தான் அது விற்றது.

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அப்படி அமெரிக்கர்களுக்கு "பேஸ்பால்" ஆட்டம். முன்பு சிகரெட் பெட்டியிலும், பிறகு சூயிங்கம் பொட்டலத்திலும் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை வைத்துக் கொடுத்தார்கள்.

வாக்னர் என்ற வீரரின் அட்டை 1909-ல் வந்தது. சீக்கிரமே நின்றுவிட்டது. மிஞ்சியவை சில டஜன்களே. அதனால்தான் இந்த விலை!

கையெழுத்து இருந்தால்?

அட்டையில் வீரரே கையெழுத்துப் போட்டிருந்தால் மதிப்பு இன்னும் கூடும். அவர் இறந்துபோனவர் என்றால் கேட்கவே வேண்டாம். இனி அவர் கையெழுத்துப் போட முடியாதே!

இங்கேதான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள்.

1990-களில் எப்.பி.ஐ. போலீசார் ஒரு பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தார்கள். அவர்கள் விற்ற பந்துகளில் யார் கையெழுத்து இருந்தது தெரியுமா? கல்கத்தாவில் ஏழைகளுக்குத் தொண்டு செய்த அன்னை தெரசாவின் கையெழுத்து!

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் பேனாவைப் பார்க்கிறார்கள்.

லூ கெரிக் என்ற பெரிய வீரர் 1941-ல் இறந்தார். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945-ல். அவர் அட்டையில் பால்பாயிண்ட் கையெழுத்து இருந்தால்? சந்தேகமே இல்லை, போலி!

அடுத்து எழுத்தைப் பார்க்கிறார்கள். வீரர் கையெழுத்திட்ட பழைய செக், ஒப்பந்தப் பத்திரம் இவற்றோடு ஒப்பிடுகிறார்கள். மெதுவாகப் பார்த்து வரைந்த கையெழுத்தில் கோடு நடுங்கும், வேகம் இருக்காது.

ஏமாற்றும் நோக்கம் இல்லாத போலியும் உண்டு. ரசிகர்கள் கேட்கும் கையெழுத்தை, வீரருக்குப் பதிலாக அங்கே வேலை செய்யும் பையன்களே போட்டுக் கொடுத்ததும் உண்டு!

சோதனையில் தேறிய அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரை வைக்கிறார்கள். அட்டைக்குத் தனி மார்க். கையெழுத்துக்குத் தனி மார்க்.

வாங்குகிறவர் கவனிக்க

"யார் முன்னால் போட்டார்? எப்போது போட்டார்?" விலை பேசும் முன் இதைக் கேட்க வேண்டும். கேட்காமல் பணத்தைக் கொட்டினால் கடைசியில் மிஞ்சுவது என்ன?

மை பட்டுக் கெட்டுப்போன ஓர் அட்டை!