தும்பை

மாசற்ற வெண்மைக்குத் தமிழர் கூறும் உவமை தும்பைப்பூ. வெளுத்த வேட்டியைத் தும்பைப்பூப் போன்றது என்பர். அவ்வுவமைக்கு உரிய செடியோ பெரும்பாலும் முழங்கால் உயரத்தை எட்டாத சிறுபூண்டு. உழவர் அதனைக் களை என்பர். தாவரவியலார் 'லியூகாஸ் ஆஸ்பெரா' என்பர். முதற்சொல் வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அடுத்தது சொரசொரப்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பூவைக் கண்ணாலும் இலையைக் கையாலும் அறிந்து இட்ட பெயர் அது.

துளசியும் புதினாவும் அடங்கிய லேமியேசி குடும்பத்தைச் சேர்ந்தது தும்பை. இக்குடும்பத்தில் ஏறத்தாழ 7,000 சிற்றினங்கள் உள்ளன. தும்பைத் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு விளிம்புகள் தட்டுப்படும். (பிரண்டையின் தண்டும் நாற்கோணமே, ஆதலால் இவ்வோர் அடையாளம் மட்டும் போதாது.) குறுகிய, மென்மயிர் படர்ந்த இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமையும். அடுத்த கணுவின் இலைகள் அவற்றுக்குக் குறுக்காக நிற்பதால், மேலிலையின் நிழல் கீழிலைமீது முழுமையாக விழுவதில்லை.

பூக்கள் கணுக்களில் தண்டைச் சுற்றிப் பந்துபோல் நெருங்கியிருக்கும். ஒவ்வொரு பூவும் ஈருதடு கொண்டது. மேலுதடு பஞ்சு போர்த்த சிறு முக்காடு. அதன் அடியில் இரண்டு நீண்டும் இரண்டு குறுகியுமாக நான்கு மகரந்தத் தாள்கள் மறைந்திருக்கும். அகன்ற கீழுதடு தேனீ வந்தமரும் திண்ணை. குழலின் அடியிலுள்ள தேனை நாடித் தலையை நுழைக்கும் தேனீயின்மீது மகரந்தம் படிகிறது. ஊர்ச்சிறார் பூவைப் பறித்து அடிப்பகுதியை உறிஞ்சிச் சுவைப்பதும் அத்தேனையே. அல்லி உதிர்ந்தபின் புல்லிக் கிண்ணத்தில் நான்கு சிறு விதைக்கனிகள் முதிரும்.

பெயரொற்றுமை இங்குப் பலரை மயக்குகிறது. காசித்தும்பையும் கவிழ்தும்பையும் வேறு வேறு குடும்பத்தின. 'தும்பை விட்டு வாலைப் பிடித்தாற்போல' என்னும் பழமொழியிலும் இச்செடி இல்லை. அங்குள்ளது மாட்டைக் கட்டும் கயிறாகிய தும்பு.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களுள் தும்பையும் துழாயும் அடுத்தடுத்து நிற்கின்றன. இக்கால வகைப்பாட்டிலும் அவை ஒரே குடும்பத்தினவாக இருப்பது இனிய பொருத்தம். வலிமையை நிலைநாட்டவே வேந்தர் இருவர் பொருதும் போருக்குத் தும்பைத்திணை எனப் பெயரிட்ட தொல்காப்பியம், அதனை நெய்தலுக்குப் புறனாக வைத்தது. பெருமரத்தின் பூவன்று, வழியோரச் செடியின் பூவே அப்போருக்கு அடையாளமாயிற்று.

இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும், வெயில் படும் தரிசு, சாலையோரம், அறுவடை முடிந்த வயல், வரப்பு ஆகிய இடங்களில் தும்பை வளர்கிறது. அடர்ந்த நிழல் அதற்கு ஒவ்வாது. மழைக்குப்பின் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, கோடையில் காய்ந்துவிடும். ஓராண்டுச் செடியாதலின் ஆண்டுதோறும் விதையிலிருந்தே அது மீள வேண்டும். பூக்கும் முன்பே களைக்கொல்லி தெளித்த வரப்பில் அவ்வாண்டு புதுவிதை விழுவதில்லை. இது தொடர்ந்தால் மண்ணில் கிடக்கும் பழைய விதைகளும் தீர்ந்துபோகும். கற்காரை பாவிய சாலையோரத்தில் விதை விழுந்தாலும் வேரூன்ற மண் இல்லை. வயலில் பயிர் இல்லாத நாள்களில் வரப்புத் தும்பையை நாடிவரும் தேனீக்கள், அங்குத் தேன் கிடைக்காமல் வேறிடம் தேடிப் போகின்றன.