கடனும் இளந்தலைமுறையும்

பொருளியல் அறிஞர்க்கே உரிய துறை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இத்தாலியின் திரெந்தோ நகரத்தாரோ 2006ஆம் ஆண்டு முதல் அதனைப் பொதுமக்கள் முன் விழாவாகவே எடுத்து வருகின்றனர். 2012இல் அவர்கள் ஆராய்ந்த பொருள் தலைமுறைகளுக்கிடையேயான உறவாகும்.

அத்தகைய விழாவொன்று திருகோணமலைக்கு வடக்கே சல்லிக் கடற்கரையில் நிகழுமாயின், இளைஞர் முதலில் வினவுவது மண்ணெண்ணெயைப் பற்றியதாகவே இருக்கும். 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனிற் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திற்று. டொலர் இன்மையால் எரிபொருள் அருகிற்று. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய், அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. சிறுபடகுகளின் இயந்திரங்கள் பெரிதும் அதனாலேயே இயங்குவன. கடன் பெருகிய காலத்தில் இவ்விளைஞர் பள்ளிச் சிறுவர். அவர்களை எவரும் கேட்டிலர்.

படித்தவர் நிலை வேறு. கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் பொருத்தமில்லை என்று, சர்வதேசத் தொழில் நிறுவனம் அமைத்த டட்லி சியர்ஸ் குழு 1971இலேயே சுட்டிற்று. அரை நூற்றாண்டு கழிந்தும் பட்டதாரிகள் பலர் அரசாங்க நியமனத்திற்கே காத்திருக்கின்றனர். அவர்களைப் பழிப்பது எளிது. எரிபொருளின்றிக் கரையில் கிடந்த தந்தையின் படகைக் கண்ட மகன், மாதச் சம்பளத்தை நாடுவதில் வியப்பென்ன?